என் அட்டையில் அவன் குண்டு

கண்ணத் திறந்துராதீய அண்ணாச்சி. அந்த நர்ஸ் பிள்ளை வந்தா வையும். இப்பதான் நான் ஒரு வசவு வாங்கிக் கட்டிக்கிட்டேன். சொட்டு மருந்து எறங்குத வரைக்கும் மூடிக்கிட்டுத்தான் இருக்கணுமாம். நானும் மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். வாய மூடச் சொல்லி யாரும் சொல்லலல்லா?

உங்களுக்கு என்ன, புரையா? ஆங்... சர்க்கரையா. சரி, சரி. எனக்கு ஒண்ணும் இல்ல. நிசமாவே ஒண்ணும் இல்ல. ஒரு சர்டிபிகேட்டுக்காக வந்திருக்கேன். இவருக்குக் கண்ணு நல்லாத் தெரியுதுன்னு ஒரு டாக்டர் கையெழுத்துப் போட்டுத் தந்தா நான் பாட்டுக்கு பஸ் ஏறிப் போயிருவேன். அதுக்குப் போயி காலையிலேர்ந்து மேல ஏத்துதாவ, கீழ எறக்குதாவ, திரும்ப மேல ஏத்துதாவ. அலுத்துப் போச்சு அண்ணாச்சி. உக்காந்து உக்காந்து இடுப்பே விட்டுப் போச்சு.

எதுக்கு சர்டிபிகேட்டா? துப்பாக்கிக்கு. பதறாதீய, பதறாதீய. நான் போலீஸும் இல்ல, களவாணியும் இல்ல. நூல் மில்லுல ஸ்டோர் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். குலசேகரன்னு பேரு. பாளையங்கோட்டைதான். அங்க ரைபிள் கிளப்புல மெம்பரு. ஞாயித்துக்கிழமை காலையில போயி அட்டையப் பாத்துச் சுடுதது. ஒரு கொக்கு, குருவி சுட்டதில்ல இந்தக் கை. வெள்ள அட்டை, நடுவுல கறுப்பு வட்டம். நம்ம சண்டையெல்லாம் அந்தக் கறுப்போடதான்.

என் துப்பாக்கியப் பாக்கணும் நீங்க. இங்கிலீஷ்காரன் செஞ்சது, சுதந்திரத்துக்கு முந்தி. விசைக்குக் கீழ ஒரு கைப்பிடி இருக்கும். அதக் கீழ தள்ளுனா வாயத் தொறக்கும். ஒரு குண்டப் போட்டு மேல தூக்குனா மூடிக்கிடும். ஒண்ணு ஒண்ணாத்தான் ஊட்டணும், பச்சப் பிள்ளைக்கு ஊட்டுத மாதிரி. எஸ்டேட்டுல ஒரு தொரை வச்சிருந்து, அவரு கப்பலேறும்போது எங்க மாமனாருக்குக் குடுத்துட்டுப் போனது. மாமனாருக்கு ஆம்பளப் பிள்ள இல்ல. முறையா லைசென்ஸ் மாத்தி எங்கிட்ட வந்துட்டு. "எனக்கு நகை போட்டாவளோ என்னமோ, மாப்பிளைக்குத் துப்பாக்கி போட்ட ஒரே ஆளு எங்கப்பாதான்"னு ஆவுடை சொல்லிச் சிரிப்பா. ஆவுடை என் வீட்டுக்காரி. குழல் தொடைக்கதுக்கு அவ பழைய சேலதான் கிழிச்சுத் தருவா. அத விட மெத்துன்னு ஒரு துணி கெடையாது.

அவ போயி ரெண்டு வருஷம் ஆயிட்டு.

மவ கோயம்புத்தூர்ல இருக்கா. வீட்டுல நானும் ஒரு பல்லியும். வாரத்துல எனக்கு ஒரே கிழமைதான் அண்ணாச்சி, ஞாயித்துக்கிழமை. மத்த கிழமையெல்லாம் அதுக்குக் காத்துக் கெடக்குதது. இப்பம் சர்டிபிகேட்டு இல்லேன்னா கிளப்புல உள்ள விட மாட்டான், லைசென்ஸும் புதுப்பிக்க மாட்டான். துப்பாக்கியக் கொண்டு ஸ்டேஷன்ல வச்சுட்டு வர வேண்டியதுதான். அப்பம் ஞாயித்துக்கிழமையும் போச்சு. பொறவு எனக்கு என்ன இருக்கு, சொல்லுங்க.

இதுக்கெல்லாம் காரணம் ஒரே ஒருத்தன். ஞானதுரை.

யாருன்னு கேளுங்க. என் கூட்டாளி. கூட்டாளியா இருந்தவன். பள்ளிக்கூடத்துல என்.சி.சி. வாத்தியாரு. நல்ல ஒசரம், வெயிலோ மழையோ தலையில ஒரு வெள்ளத் தொப்பி. அவங்கிட்டயும் ஒரு பழைய துப்பாக்கி இருக்கு, ஜெர்மன்காரன் செஞ்சது. ரெண்டுக்கும் ஒரே குண்டுதான், விரல் நகத்தளவு. அட்டையில விழுந்தா எது எவன் ஓட்டைன்னு பிரிக்க முடியாது. அத மனசுல வச்சுக்கிடுங்க, பின்னால வேணும்.

நாங்க ரெண்டு பேரும் எப்பவும் பக்கத்துப் பக்கத்துலதான் படுத்துச் சுடுவோம். அவன் எனக்கு வலப்பக்கம். ஆளுக்கு ஒரு அட்டை, அவனவன் அட்டைக்கு எதிர அவனவன். கிளப்புலயே அவனப் போல குறி யாருக்கும் கெடையாது. உள்ளதச் சொல்லணும்லா. அவன் பத்து குண்டு சுட்டா கறுப்புல ஒரே ஓட்டையா இருக்கும், எலி கடிச்சது கணக்கா. நான் அவன எட்டிப் பிடிக்கணும்னு முப்பது வருஷமா மல்லுக்கட்டியிருக்கேன். முடிஞ்சதில்ல.

அப்பேர்ப்பட்டவனுக்கு ரெண்டு வருஷத்துக்கு முந்தி என்ன கிரகமோ, கோட்டி பிடிச்ச மாதிரி ஆயிட்டான். அவன் அட்டைய விட்டுட்டு என் அட்டையில சுட ஆரம்பிச்சான்.

சிரிக்காதீய. அது நடக்கும். படுத்துக்கெடந்து ஒத்தக் கண்ணுல பாக்கும்போது, செத்த அசந்தா பக்கத்து அட்டை நம்ம அட்டை மாதிரி தெரியும். புதுசா வாற பயலுவ செய்வானுவ. ஆனா இவனா? ஞானதுரையா? மொத தடவ அட்டைய எடுத்துப் பாக்கேன், நான் சுட்டது பத்து, ஓட்டை பதிமூணு. அவன் அட்டையில ஏழுதான் இருக்கு. "என்ன வே இது?"ன்னேன். "கை மாறிட்டு வே, மன்னிச்சுக்கோ"ன்னான். போட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் பதினஞ்சு. அதுக்கடுத்த வாரமும் அப்படித்தான். என் அட்டை சல்லடையாட்டம் ஆயிட்டு.

இதுக்கு ஒரு சட்டம் இருக்கு. எது யாரு சுட்டதுன்னு பிரிக்க முடியலைன்னா, அட்டைக்காரனுக்கு அநியாயம் வந்துரக் கூடாதுல்லா? அதனால இருக்கதுல நல்லதாப் பத்தப் பொறுக்கி அட்டைக்காரனுக்குக் குடுத்துரணும். மிச்சத்தத் தள்ளிரணும். மாத்திச் சுட்டவனுக்கு அந்தக் குண்டுக்கெல்லாம் பூஜ்யம். நல்ல சட்டம். நானும் அதுதான் சொல்லுதேன், கறுப்புல விழுந்ததெல்லாம் நான் சுட்டது. வெள்ளையில கண்டமேனிக்குத் தெறிச்சிருக்கே, மூலைக்கு ஒண்ணா, அதெல்லாம் அவன் வேல. புத்தி பேதலிச்சு அடுத்தவன் அட்டையில சுடுதவனுக்குக் குறி மட்டும் ஒழுங்கா இருக்குமாக்கும்!

செகரட்டரி அட்டைய எண்ணும்போது ஞானதுரையப் பாப்பாரு. ஞானதுரை மேகத்தப் பாப்பான்.

எனக்கு அதோட போச்சா? இன்னொரு எழவு. முன்னெல்லாம் அவன் பாட்டுக்கு அவன் நேரத்துல சுடுவான். இப்பம் நான் சுடுத வரைக்கும் காத்துக் கெடப்பான். பக்கத்துல ஒரு தொலைநோக்கி வச்சிருப்பான், அட்டைய இங்கேர்ந்தே பாக்கதுக்கு. அதுல கண்ண வச்சுக்கிட்டே கெடப்பான். நான் 'டப்'புனு ஒண்ணு சுடுவேன். செத்தப் பொறுத்து அவன் 'டப்'புனு ஒண்ணு. நான் ஒண்ணு, அவன் ஒண்ணு. எனக்கு எரிச்சலா வரும். "ஏன் வே எங்கூடயே சுடுத? தனியாச் சுடத் தெரியாதா?"ன்னு கேட்டேன். "சத்தம் சேந்து கேட்டா நல்லாருக்கு வே"ங்கான். என்ன பதில் அது?

ஒரு நாளு சொல்லுதான், "குலசேகரா, எனக்குக் கண்ணு பொகையுது வே. ஒரு நாளு கண்ணாஸ்பத்திரிக்குப் போவோம். நீயும் வா, ரெண்டு பேரும் காட்டிட்டு வருவோம்." எனக்குச் சிரிப்பு வந்துட்டு. "கண்ணு பொகையுதவன் நீ, போயிக் காட்டு. நான் எதுக்கு?"ன்னேன். அதுக்கப்புறமும் விட்டானா? மாசத்துக்கு ஒரு தடவ ஆஸ்பத்திரிப் பேச்சு எடுப்பான். கை தவறுதத ஒத்துக்கிட மனசில்லாம கண்ணு மேல பழியப் போடுதான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

சரி, கேளுங்க. போன வருஷம் பழைய துப்பாக்கிப் போட்டி நடந்துது. சுதந்திரத்துக்கு முந்திச் செஞ்ச துப்பாக்கி மட்டுந்தான் கொண்டு வரலாம். கூட்டம் கம்மிதான், அந்த மாதிரி துப்பாக்கி எத்தன பேருட்ட இருக்கப் போவுது. அதுலயும் இவன் அதே கூத்து. அவன் அட்டையில ரெண்டே ஓட்டை. பாக்கி எட்டும் என் அட்டையில. சட்டப்படி நல்லதப் பொறுக்கி எனக்குப் போட்டாவ. கோப்பை எனக்கு! முப்பது வருஷத்துல மொதக் கோப்பை. இவன் கடைசி. கோப்பைய வாங்கிட்டுத் திரும்புதேன், எல்லாரும் சும்மா ஒப்புக்குக் கை தட்டுதாவ, இவன் ஒருத்தன் மட்டும் எந்திரிச்சு நின்னு தட்டுதான். வெக்கங்கெட்டவன். பொறவு என் வீடு வரைக்கும் வந்து, அந்தக் கோப்பைய ஆவுடை படத்துக்குக் கீழ வச்சுட்டு, "மதினி, பாத்துக்கிடுங்க"ன்னான். அன்னைக்கு மட்டும் அவன் மேல எனக்குக் கோவம் வரல. ஆவுடை இருந்தா எவ்வளவு சந்தோசப்பட்டிருப்பான்னு நெனச்சு ரெண்டு பேரும் அழுதுட்டோம்.

அப்படியே போயிருந்தா நானும் பொறுத்துக்கிட்டுப் போயிருப்பேன். இந்தப் பங்குனியில என்ன ஆச்சுன்னா, அட்டைக்குப் பக்கவாட்டுல ஒரு சிவப்புக்கொடி நடுவாவ. சுட்டுக்கிட்டு இருக்கோம், யாரும் அங்க போவாதீயன்னு அர்த்தம். அந்தக் கொடிக்கம்புல ஒரு குண்டு போயி அடிச்சு, கம்பு ரெண்டாப் பொளந்துட்டு. அட்டையிலேர்ந்து அது எவ்வளவு தள்ளி இருக்கு! விசில் ஊதி எல்லாத்தையும் நிப்பாட்டிட்டாவ. "யாரு சுட்டது?"ங்காரு செகரட்டரி. நான் வாயத் திறக்குததுக்குள்ள ஞானதுரை கையத் தூக்கிட்டான். "நாந்தான். கை தவறிட்டு." மொகம் செத்துப் போயிருந்துது அவனுக்கு.

அதுக்கு மேல எப்படிப் பொறுக்க? இன்னைக்குக் கம்பு, நாளைக்கு ஒரு மனுசன். நானே எந்திரிச்சுச் சொன்னேன். "கூட்டாளிங்கதுக்காக நான் மறைக்க மாட்டேன். இவனுக்குத் தடம் மாறிப் போச்சு. இவன் துப்பாக்கி தொடக் கூடாது. எழுதிக்கிடுங்க"ன்னேன். உள்ளதச் சொன்னா நொள்ளக் கண்ணனுக்கு நோப்பாளம்பாவ. ஆனா அவன் கோவிக்கக்கூட இல்ல. என்னையே பாத்துக்கிட்டு இருந்தான். பொறவு துப்பாக்கியப் பையில போட்டு ஜிப்ப இழுத்தான். போகும்போது செகரட்டரியத் தனியாக் கூட்டிட்டுப் போயி என்னமோ குசுகுசுன்னு பேசிட்டுப் போனான்.

என்ன பேசுனாம்ங்கது அடுத்த வாரந்தான் தெரிஞ்சுது. வயசானவன் எல்லாரும் கண்ணு சர்டிபிகேட்டு கொண்டு வந்தாத்தான் இனிமே உள்ள விடுவோம்னு நோட்டீஸ் போட்டுருக்கு! வயசானவன்னு இன்னும் யாரு இருக்கா, நாந்தான். பாத்தீயளா வஞ்சத்த? தான் போனதுமில்லாம என்னையும் இழுத்து விட்டுட்டுப் போறான். அவன் செஞ்ச கூத்து என் தலையில விடிஞ்சுது.

ஒரு மாசம் தவணை குடுத்தாவ. அந்த ஒரு மாசமும் நான் தனியாத்தான் சுட்டேன். வலப்பக்கம் காலி. ஒருத்தன் தொந்தரவு இல்ல, காத்துக் கெடக்குதவன் இல்ல, நிம்மதியாச் சுடலாம்னு படுத்தேன். 'டப்'புனு ஒண்ணு சுட்டேன். அதோட நின்னுட்டு. அடுத்த சத்தம் வரல. அது வரும் வரும்னு காது பாத்துக்கிட்டே இருக்கு. பத்தும் சுட்டு முடிச்சு எந்திரிச்சுப் போயி அட்டைய எடுத்தா, சரியாப் பத்து ஓட்டை. கறுப்புல ஒண்ணு இல்ல. அத்தனையும் வெள்ளையில, மூலைக்கு ஒண்ணா.

அதுக்குக் காரணம் இருக்கு. கிளப்புல இப்பம் வெல கொறஞ்ச அட்டையா வாங்குதானுவ. அச்சு சரியில்ல. கறுப்பு வட்டத்துல நடுவுல மையே புடிக்கல, பூசணம் பூத்த மாதிரி மங்கலா இருக்கு. ரெண்டு வருஷமா சொல்லுதேன், கேக்க மாட்டேங்கானுவ. கறுப்பே தெரியலைன்னா ஒருத்தன் எதப் பாத்துச் சுட? அட்டையோட நாலு மூலையும் தெரியுதுல்லா, அத வச்சுக் குத்துமதிப்பா நடுவுல அழுத்த வேண்டியதுதான். நான் அப்படித்தான் சுடுதேன். அப்படிச் சுட்டுத்தான் கோப்பை வாங்குனேன்.

இங்கயும் அதே கததான் அண்ணாச்சி. காலையில ஒரு டாக்டர் பிள்ளை, சின்னப் பிள்ளை, கட்டம் போட்ட தாள் ஒண்ணக் கையில குடுத்துட்டு, "நடுவுல இருக்க புள்ளியப் பாருங்க தாத்தா"ங்கு. நடுவுல புள்ளியே இல்ல. "அச்சுல விட்டுப் போச்சும்மா, வேற தாள் குடு"ன்னேன். வேற தாள் குடுத்துது. அதுலயும் புள்ளி இல்ல. அந்தப் பிள்ளை எழுதிக்கிட்டே இருக்கு. பொறவு பெரிய டாக்டர் வந்து லைட்ட அடிச்சுப் பாத்துட்டு, வலது கண்ணுல நடுப்பார்வை போயி ரெண்டு வருஷமாவது இருக்கும்ங்காரு. இடது கண்ணாவது மிஞ்சணும்னா உடனே பாக்கணுமாம். எனக்கு வந்துதே கோவம்! "டாக்டர், நான் வலது கண்ணாலதான் குறி பாக்கவன். ரெண்டு வருஷமாக் கண்ணு தெரியலைன்னா, போன வருஷம் கோப்பை வாங்குனது யாரு? கறுப்புல எட்டு குண்டு போட்டது யாரு?"ன்னேன். அவரு சும்மா என் தோளத் தட்டிக் குடுத்துட்டு, மருந்து விட்டு உக்கார வைன்னுட்டுப் போயிட்டாரு.

கேட்டேன்லா நியாயமா? அந்தக் குண்டெல்லாம் யாரு போட்டது?

என்ன அண்ணாச்சி? என்ன கேட்டீய?

குறி கெட்டுப் போனவன் சுட்டா, கறுப்புல எப்படி அத்தனை குண்டு விழும்ங்கீயளா? அதான் சொன்னேனே, கறுப்புல விழுந்தது நான் சுட்டதுன்னு. அவன் போனதும் கறுப்புல ஏன் ஒண்ணு கூட விழலைன்னா... அதுக்கும் சொன்னேனே, அச்சு. நீங்க துப்பாக்கி பிடிச்சிருக்கீயளா? இல்லல்லா? பொறவு என்ன.

கொடிக்கம்பு வந்து... எங்க இருக்குன்னா, இடது பக்கம். எனக்கு இடது பக்கம். அவன் எனக்கு வலப்பக்கம் கெடந்தான். ஆமா. என்னத் தாண்டித்தான் போகணும்.

செத்தச் சும்மா இருங்க அண்ணாச்சி. கண்ணு எரியுது. இந்த மருந்து பொல்லாத மருந்து. தண்ணியா ஊத்துது பாருங்க.

மவ சொன்னா. நேத்து போன்ல. "ஞானதுரை மாமாவக் கூட்டிட்டுப் போங்கப்பா, தனியாப் போவாதீங்க"ன்னா. அவன் பேர எடுக்காதன்னு போன வச்சுட்டேன்.

என்னம்மா? ஆமா, குலசேகரன் நாந்தான். ஊசியா? இடது கண்ணுலயா? இன்னைக்கேவா? கூட யாரு வந்திருக்காவளா? வந்திருக்கும்மா, டீ குடிக்கப் போயிருக்கு. இப்ப வந்துரும். கையெழுத்துப் போட ஆளு வேணுமா? ஆளு இல்லாம ஊசி போட மாட்டியளா?

இல்லம்மா. யாரும் வரல. தனியாத்தான் வந்தேன்.

கீழயா? யாரு கீழ? என்ன தொப்பி?

அண்ணாச்சி, கேட்டீயளா இத? கீழ சீட்டுப் பதியுத எடத்துல காலையிலேர்ந்து ஒருத்தன் உக்காந்திருக்கானாம். ஒசரமா, வெள்ளத் தொப்பி போட்டுக்கிட்டு. குலசேகரன் கூட வந்த ஆளு நாந்தான்னு பேரக் குடுத்துருக்கான். மேல போங்கன்னா, வேண்டாம், என்னப் பாத்தா அவருக்குக் கோவம் வரும், ஆளு வேணும்னா மட்டும் கூப்புடுங்கன்னானாம். இந்த மவதான் சொல்லியிருக்கணும் அவங்கிட்ட.

பாத்தீயளா அவன் சோலிய? இங்கயும் வந்து என் அட்டையிலதான் சுடுதான்.

வரச் சொல்லும்மா. வரச் சொல்லு.

அண்ணாச்சி, ஒரு ஒத்தாச செய்யுங்க. நீங்க எனக்கு வலப்பக்கம் இருக்கீயல்லா? செத்த இந்தப் பக்கம் மாறி உக்காந்துக்கிடுங்க. அவன் அங்கனதான் உக்காருவான்.